தணிகை மலையடியில் ஒப்பாரி: பெயர் எழுதப்படாத பாட்டின் வரலாறு

கருநாடக இசையின் வரலாற்றை எழுதுவோர் திருத்தணியை ஒருமுறையேனும் குறிப்பிடாமல் விடுவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இம்மலைக்கு வந்து முருகனை நினைந்து அமர்ந்திருந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், வந்தவர் முருகனே என்றும், உடனே மாயாமாளவகௌளை இராகத்தில் 'ஸ்ரீ நாதாதி' என்னும் அவருடைய முதற்கிருதி பிறந்தது என்றும் மரபு கூறும். 'குருகுஹ' என்ற அவரது முத்திரை அன்று தொடங்கியது. அதற்கு முன்பே அருணகிரிநாதர் தணிகையைத் திருப்புகழில் பாடிவிட்டார். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். இசையாலும் செய்யுளாலும் நிறைவாகப் பாடப்பெற்ற ஊர் இது. ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏறும்போது இப்பெருமைகளை எண்ணாத தமிழாசிரியர் இரார்.

மலையைவிட்டு இறங்கி நாலா பக்கமும் உள்ள சிற்றூர்களுக்குள் நடந்தால் வேறோர் இசை உண்டு. அதைக் கேட்க வேண்டுமானால் அவ்வூரில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். தெருவின் நடுவில் பந்தல், வாசலில் பறை, ஆண்கள் ஒருபுறம் பாடை கட்டிக்கொண்டிருப்பர். வீட்டுக்குள் பிணத்தைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் கோத்துத் தலைகளைச் சேர்த்துக் குனிந்திருப்பர். அவ்வட்டத்தின் நடுவிலிருந்து ஒருத்தியின் குரல் எழும்; மேல்நோக்கி ஏறாமல் ஒரு படியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும்; அடியின் முடிவில் விம்மலாகக் கரையும்; மற்றவர்கள் அந்த விம்மலை வாங்கிக்கொள்வர். அதுவே ஒப்பாரி. அதற்கு முத்திரை இல்லை. பாடியவள் இன்னாள் என்று எந்த நூலும் எழுதி வைத்ததில்லை. அவள் பெயர் எங்கே போயிற்று என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

'ஒப்பாரி' என்ற சொல் இன்று நல்ல நாளில் வாயில் வந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பர். திருக்குறளில் அச்சொல்லுக்கு அழுகை என்ற பொருளே இல்லை. கயமை அதிகாரத்தின் முதற்குறளில் (1071) வள்ளுவர் அதனை 'ஒப்பு' என்ற பொருளில் ஆள்கிறார். கயவர் உருவத்தால் மக்களைப் போலவே இருப்பர். இவ்வளவு ஒப்புமையை வேறெங்கும் யாம் கண்டதில்லை என்பது அவர் கருத்து. அழுகைப் பாட்டுக்கு இப்பெயர் வந்த காரணத்தைச் சிலர், இறந்தவரைப் பலவற்றோடு ஒப்புச் சொல்லி அழுவதால் என்பர். சிலர், ஒருத்தி சொல்ல மற்றவர் ஒத்து ஒலிப்பதால் என்பர். சாவு வீட்டில் ஒருநாள் நின்றவர்க்கு இரண்டுமே பொருத்தமாகத் தோன்றும். பிலாக்கணம், இழவுப் பாட்டு, மாரடிப் பாட்டு என்று இடத்துக்கு இடம் வேறு பெயர்களும் வழங்குகின்றன.

இப்பாட்டின் முன்னோர் பழமையானவர்கள். தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையை வைக்கிறது. புறநானூற்றில் அத்துறைப் பாடல்கள் பல. ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவனை விளித்து, இத்துணைப் பெரியவனைக் கவிக்கும் அளவுக்கு உன்னால் தாழி வனைய இயலுமா என்று வினவுகிறார் (228). குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்த பின்னும் பூத்து நிற்கும் முல்லையை நொந்துகொள்கிறார் (242). பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் உலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று ஏசுகிறார் (194). நெய்தல் என்ற சொல்லே அங்குச் சாப்பறையைக் குறிக்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

பெண் குரல்களும் அத்தொகையில் உள்ளன. பறம்பை இழந்த பாரி மகளிரின் பாட்டு (112) ஒரு நிலவுக்கும் அடுத்த நிலவுக்கும் இடையே தம் உலகம் மாறிப்போனதைச் சொல்கிறது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு (246) கணவன் ஈமத்தில் ஏறுமுன், தன்னைத் தடுக்கும் சான்றோரைக் கடிந்து பேசுகிறாள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருத்தி அரசனின் தேவி. மற்றவர்கள் வள்ளலின் மக்கள். இருந்தும் அவர்களுடைய இயற்பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தந்தை பெயராலும் கணவன் பெயராலும் மட்டுமே அவர்கள் அறியப்படுகின்றனர். அரசகுலப் பெண்ணுக்கே நிலை அதுவென்றால், வேளாண் குடியிலும் சேரியிலும் மாரடித்து அழுத பெண்ணின் பெயரை ஏட்டில் யார் எழுதியிருக்கப் போகிறார்?

பின்வந்த காப்பியங்கள் அழுகைக்குத் தனி இடம் தந்தன. சிலப்பதிகாரத்தில் துன்பமாலை என்றே ஒரு காதை உண்டு. கம்பனில் மண்டோதரியின் புலம்பல் இராவணன் மார்பைத் தழுவிக்கொண்டு எழுகிறது. இவை ஆண் புலவர் பெண்ணாக நின்று பாடியவை. அவற்றின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவர்கள் எந்தப் பெண்களின் அழுகையைக் கேட்டு அந்த நடையைக் கற்றனர் என்ற வினா நம்மை விட்டு நீங்குவதில்லை.

*

ஒப்பாரியில் எதைச் சொல்லி அழுகிறார்கள்? வெளியில் நின்று கேட்பவர், இறந்தவரின் பெருமையை என்று எண்ணுவார். தொடக்கம் அப்படித்தான். தங்கத்தால் ஆன பொருள்களும் வெள்ளியால் ஆன பொருள்களும் வரிசையாக வரும். கூரைவீட்டில் இறந்தவருக்கும் பாட்டில் மாடமாளிகை உண்டு. சற்று நேரம் நின்று கேட்டால் போக்கு மாறுவது புலப்படும். தாய்க்காக அழும் மகள் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். தாய் இருந்தவரை தனக்கு ஒரு வாசல் இருந்தது. இனி அவ்வீடு அண்ணியின் வீடு. தாகம் என்று போய் நின்றால் தண்ணீர் தருவார் உண்டா? தன்னை ஏன் அத்தனை தொலைவில் கட்டிக்கொடுத்தார்கள்? சீராக எழுதிய நகை எங்கே போயிற்று? இவையெல்லாம் அவ்வட்டத்துக்குள், அண்ணியும் அண்ணனும் கேட்கும் தொலைவில், பாட்டாகவே சொல்லப்படும். மற்ற நாளில் இதைச் சொன்னால் சண்டையாகும். அன்று மட்டும் எவரும் அவளை வாயை மூடு என்று சொல்ல முடியாது.

மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்கு, இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை என்ற பொருள்படத் தலைப்பிட்டார். தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் அவர் கேட்டறிந்ததன் சாரம் அது. அழும் பெண்கள் தங்கள் குறைகளுக்காகவே அழுகிறார்கள் என்பதை அப்பெண்களே ஒளிக்காமல் சொன்னார்கள். நம் வட்டாரப் பெண்களிடமும் நாம் இதையே கேட்டிருக்கிறோம். இதைக் கேட்டு, அப்படியானால் அழுகை பொய்யா என்று மாணவர்கள் வினவுவதுண்டு. பொய்யன்று. தாயின் சாவும் தாய்வீட்டின் சாவும் அவளுக்கு ஒரே நாளில் நிகழ்கின்றன. அவள் இரண்டுக்கும் சேர்த்து அழுகிறாள்.

சட்டத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு உண்டு என்று தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நடுவண் அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மணமான மகள் தன் பிறந்த வீட்டைப் பற்றிய வழக்கைத் தொடுக்கக்கூடிய ஒரே மன்றம் சாவு வீட்டுக் கூடம்தான்; அவளுடைய மனு ஒப்பாரிதான். அந்த மனுவின் மேல் எவரும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆனாலும் ஊர் கேட்டது. கருமாதி முடிந்து புறப்படும்போது அண்ணன் ஒரு புடவையும் கொஞ்சம் நெல்லும் கூடுதலாகக் கொடுத்தனுப்புவதை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அதற்கு எவரும் காரணம் சொன்னதில்லை.

இங்கே நம் ஊரின் எல்லைக் கதையையும் சொல்லியாக வேண்டும். திருத்தணி 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் வழியே 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் அப்பால் நின்றுவிட்டன. கோடு போட்டவர்கள் மொழியைக் கணக்கிட்டுப் போட்டார்கள். கொள்வினை கொடுப்பினையைக் கணக்கிடவில்லை. நகரிப் பக்கம் பிறந்து திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண், தாய்வீட்டுச் சாவுக்கு மாநிலம் கடந்து போகிறாள். அவளுடைய ஒப்பாரியில் 'தல்லி' என்றும் 'தாயே' என்றும் இரண்டு விளிகளும் வரும். தெலுங்கில் தொடங்கிய அடி தமிழில் முடியும். இரண்டு மொழிகளின் நாட்டுப்பாடல் தொகுப்புகளிலும் இத்தகைய பாட்டுக்கு இடம் கிடைப்பதரிது. தமிழ்த் தொகுப்பாளர் தெலுங்கு அடியை நீக்குவார். தெலுங்குத் தொகுப்பாளர் தமிழ் அடியை நீக்குவார்.

*

தொண்டை மண்டலத்தில் அழுகைக்கு மற்றொரு மேடையும் உண்டு. அது தெருக்கூத்து. திருத்தணியைச் சுற்றியுள்ள திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறும் நாள்களில் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக இருக்கும். நிறைவில் படுகளம். மண்ணால் பெரிய உருவமாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனனின் தொடை பிளக்கப்பட்ட பின், பெண்வேடமிட்ட கூத்தர் அவ்வுருவத்தைச் சுற்றி வந்து ஒப்பாரி வைப்பார். பாடுவது அச்சு அசலாக வீட்டு ஒப்பாரியின் மெட்டு. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வர். அவர்கள் துரியோதனனுக்காக அழுவதாக நாம் கருதவில்லை.

இதனினும் நுட்பமானது 'கர்ண மோட்சம்'. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இக்கூத்தை வடமாவட்டங்களில் இறந்தவரின் காரியத்தன்று இரவில் ஆடுவது வழக்கம். இறந்தவர் நற்கதி அடைவார் என்பது நம்பிக்கை. கர்ணன் களத்தில் விழுந்த பிறகே குந்தி ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்து மகனே என்று அழைக்க முடிகிறது. வாழ்நாள் முழுதும் சொல்ல முடியாததைச் சொல்லச் சாவு ஒன்றே அவளுக்கு வாய்ப்பளிக்கிறது. காரிய வீட்டுப் பெண்கள் இக்காட்சியை விடிய விடிய விழித்திருந்து பார்ப்பது எதனால் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தில் அழுபவர் பெரும்பாலும் ஆண். அவருக்கு ஊதியம் உண்டு. நன்றாக அழுதால் மாலையும் அன்பளிப்பும் உண்டு. அவர் பெயர் பல ஊர்களுக்குத் தெரியும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றோரின் பெயர்கள் நாடு கடந்தும் அறியப்பட்டன. அது தகுதிக்குக் கிடைத்த சிறப்பு, மகிழத்தக்கது. அந்த மெட்டை அவருக்குக் கொடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் மேடையும் இல்லை, பெயரும் இல்லை.

*

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த 'கண்ட்ரி' இசை, சோகப் பாட்டுக்குப் பெயர் பெற்றது. அவ்விசையின் பிறப்பிடம் என்று 1927ஆம் ஆண்டின் பிரிஸ்டல் ஒலிப்பதிவுகளைக் குறிப்பர். டென்னசி மாநிலத்து எல்லையோர நகரமான பிரிஸ்டலில், அவ்வாண்டு சூலை இறுதியிலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ப் பியர் என்பவர் மலைவாழ் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். வர்ஜீனிய மலைப்பகுதியின் கார்ட்டர் குடும்பத்தாரும், பின்னர் 1933இல் காசநோயால் இறந்த ஜிம்மி ராட்ஜர்சும் அங்கேதான் முதன்முதலில் பதிவாயினர். திருத்தணியைப் போலவே பிரிஸ்டலும் இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது. அதன் முதன்மைத் தெருவே எல்லைக்கோடு.

கார்ட்டர் குடும்பத்தின் புகழ்பெற்ற பாட்டுகளுள் ஒன்று தாயின் சாவைப் பற்றியது. சன்னலருகே நிற்கும் மகன், தாயைக் கொண்டுபோகும் பிணவண்டி வருவதைப் பார்க்கிறான். 1907ஆம் ஆண்டின் தேவாலயப் பாட்டு ஒன்றை மாற்றி அமைத்து 1935இல் அவர்கள் பதிவு செய்தது அது. ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் வீடு வீடாகச் சென்று பாட்டுகளைத் திரட்டினார். பாட்டி சொன்னதும் பக்கத்து வீட்டார் சொன்னதும் அவர் பெயரில் பதிப்புரிமை பெற்றன. அப்பயணங்களில் அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கித்தார் கலைஞர். ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களைத் தாளில் எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வாங்கிவருவது ரிடிலின் வேலை. இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை. 1960களில் மைக் சீகர் அவரைத் தேடிக் கண்டடைந்து பதிவு செய்தார். ரிடிலின் தனி இசைத்தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் 1993இல்தான் வெளிவந்தது.

தனிமைத் துயரைப் பாடி 1953 சனவரி 1இல் தம் 29ஆம் வயதில் இறந்த ஹாங்க் வில்லியம்ஸ், அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது இசை கற்றதும் ரூபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகரிடமே. பெய்னின் குரல் இசைத்தட்டாகப் பதிவாகவில்லை. சோகம் விலைபோகத் தொடங்கும்போது பாட்டு ஒருவர் பெயரில் பதிவாகிறது. அதை முதலில் சுமந்தவர் பெயர் விட்டுப்போகிறது. அங்கே நிறத்தால் விட்டுப்போனது. இங்கே பாலாலும் சாதியாலும் விட்டுப்போனது.

நம் தொகுப்பு வரலாறும் இதற்கு விலக்கன்று. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை 1871இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943இல் வந்தது. பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வெளியானது. இவர்கள் இல்லையெனில் நம்மிடம் எதுவும் எஞ்சியிராது. ஆயினும் நாட்டுப்பாடல் என்றாலே ஆசிரியர் பெயர் அறியப்படாதது என்று நாம் வகுப்பில் இலக்கணம் கூறுகிறோம். அறியப்படாதது என்பதற்கும் கேட்கப்படாதது என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. நாமும் முதுகலைப் பட்டத்துக்காக 40 பாட்டுகளைத் திரட்டினோம். அவற்றின் கீழே 'பாடியவர்: முதிய பெண், வயது 60 இருக்கலாம்' என்று எழுதினோம். அவர் நமக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தவர். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்று தோன்றவே இல்லை.

திருத்தணிக்கு அருகில் உள்ள அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு குரல் இந்நிலையைச் சற்று அசைத்தது. 2021 மார்ச் மாதம் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் தெருக்குரல் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. வரிகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அவர் அதில் வைத்தார். ஒப்பாரியின் சாயல் அதில் வெளிப்படையாக ஒலித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்ட 5,25,000 பேர் என்ற எண்ணுக்குள் அடங்கிப்போன மக்களின் கதை அது. பல கோடி முறை கேட்கப்பட்ட பாட்டில் ஒரு பாட்டியின் பெயர் சொல்லப்பட்டது நம் வட்டாரத்துக்குப் பெருமை. அடுத்த ஆண்டே, சென்னையில் 2022 சூலையில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவை ஒட்டி, அப்பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் பொதுவெளியில் எழுந்தது. ஆக்கியோர் தத்தம் தரப்பை வெளியிட்டனர். யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒப்பாரி அரங்கேறியவுடன் பிரிஸ்டலின் வினா அரக்கோணத்துக்கும் வந்துவிட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

*

ஆகவே பெயரை எழுதிவிட்டால் குறை தீர்ந்தது என்று நாம் சில ஆண்டுகள் நம்பினோம். நாட்டுப்புறவியல் தாளுக்குப் பாட்டுத் திரட்டும் மாணவர்களிடம், பாடியவர் பெயர், ஊர், அகவை மூன்றும் இல்லாத ஏட்டை வாங்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். அந்நம்பிக்கையைத் திருத்தியவர் ஒரு மாணவியின் பாட்டி.

அம்மாணவி பள்ளிப்பட்டுப் பக்கத்தவள். ஒப்பாரி வேண்டும் என்று தன் ஆயாவைக் கேட்டாள். வீட்டில் சாவு இல்லாதபோது ஒப்பாரி சொன்னால் சாவை வரவழைத்ததாகும் என்று ஆயா மறுத்துவிட்டார். இது தமிழகம் எங்கும் உள்ள விலக்கு. தொகுப்பாளர் அனைவரும் சந்தித்தது. பிறகு ஒருநாள் ஆடு ஓட்டிச் சென்ற இடத்தில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில், வீடு கண்ணுக்குத் தெரியாத தொலைவில், ஆயா பாடினார். கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முதல் சில அடிகள் பேத்திக்காகச் சொல்லிக்கொடுப்பது போல் வந்தன. பிறகு குரல் மாறியது. நகரியில் இறந்த தம் தாயை அழைத்து, தம்பி செய்த ஒரு காரியத்தைச் சொல்லி அழத் தொடங்கினார். பேத்திக்கு அதுவரை தெரியாத செய்தி அது. அவள் கைப்பேசியை அணைத்துவிட்டாள்.

ஏட்டை நம்மிடம் கொடுக்கும்போது பாட்டு பாதியில் நின்றிருந்தது. பாடியவர் பெயர் என்ற இடமும் வெறுமையாக இருந்தது. நாம் கேட்டதற்கு அவள் சொன்னாள்: “எம் பேரு போட்டா தம்பி காதுக்குப் போவும்மா, அவனும் கெழவனாயிட்டான், இனிமே எதுக்கு-ன்னு ஆயா சொல்றாங்க ஐயா. பேரு போட்டே ஆவணும்னா எங்க அம்மா பேரப் போடுன்னாங்க.”

நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். பெயரின்மை முழுவதும் பிறர் இழைத்த அநீதி என்று எண்ணியிருந்தோம். அதில் ஒரு பகுதி அப்பெண்கள் தாமே தேடிக்கொண்ட காவல் என்பது அன்று விளங்கியது. பாட்டுக்கு உரியவள் இன்னாள் என்று எழுதாதவரை, சாவு வீட்டில் எதையும் சொல்லலாம். மறுநாள் அதே அண்ணியின் கையால் காப்பி வாங்கிக் குடிக்கலாம். அச்சிட்டு நிலைநிறுத்திவிட்டால் குறை மாறாத குற்றச்சாட்டாகிவிடும். சொன்னதும் தணிந்துவிட வேண்டிய ஒன்றை ஏட்டில் ஏற்றி எரியவிட நமக்கு உரிமை உண்டா? சூரனோடும் வேடரோடும் பொருத சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் இவ்வூருக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகப் புராணம் சொல்லும். மற்ற முருகன் தலங்களில் கந்தசட்டியின்போது சூரசம்ஹாரம் நிகழ, இங்கு அது இல்லை. மலர்களால் அருச்சனை மட்டுமே. ஆயா இதையெல்லாம் எண்ணிச் சொல்லியிருக்க மாட்டார். நமக்குத்தான் நினைவு வந்தது.

இருந்தாலும் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. கேட்டு அவர் மறுத்தது வேறு. நாம் நாற்பது பாட்டுகளுக்குக் கேளாமலே விட்டது வேறு. தொகுப்பாளர்க்கு உரிய கடமை, கேட்பதும் கிடைத்த விடைக்கு அடங்குவதும் ஆகும் என்று இப்போது மாணவர்க்குச் சொல்கிறோம். பாட்டைப் பொதுவில் ஒலிக்கச் செய்வோர்க்கும், அதைத் திரைக்கும் மேடைக்கும் எடுத்துச் செல்வோர்க்கும் இது பொருந்தும். இன்று சாவு வீடுகளில் ஒலிபெருக்கி வைத்துக் கூலிக்கு ஒப்பாரி பாடும் குழுக்கள் வந்துவிட்டன. இணையத்தில் பதிவான ஒப்பாரியைப் பந்தலில் ஓடவிடுவோரும் உண்டு. வீட்டுப் பெண்கள் நாற்காலிகளில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழுவினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதாகையில் பெரிதாக உள்ளன. அவர்கள் தொழிலை நாம் குறைகூறவில்லை. வட்டத்துக்குள் இருந்த அந்த மகள் தன் மனுவை இனி எங்கே சொல்வாள் என்பதே நம் கவலை.

அம்மாணவியின் ஏடு நம் துறையின் நிலைப்பேழையில் உள்ளது. பாதிப் பாட்டு, அதன் கீழே பாடியவர் பெயருக்குரிய இடத்தில் ஆயாவின் தாயுடைய பெயரும், ஊர் என்ற இடத்தில் நகரியும் எழுதப்பட்டுள்ளன. அகவை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். இறந்தபோது இருந்த அகவையை எழுது என்றோம். அது ஆயாவுக்கும் தெரியவில்லையாம்.